அமிர்தி அருவி நடை: தண்ணீர் இருக்குமா, பிள்ளைகளோடு போகலாமா?

அக்டோபர் 11 (கேள்வி)

சென்னையில் இருந்து வேலூருக்கு ஒரு கல்யாணத்துக்கு வருகிறோம். ஞாயிற்றுக்கிழமை கையில் இருக்கிறது. அமிர்தியில் வன உயிரியல் பூங்காவைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் நடந்தால் அருவி என்கிறார்கள். ஒரு கிலோமீட்டர்தானே, இதற்குப் போய் என்ன பெரிய ஏற்பாடு? ஏழு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஹவாய் செருப்பு போதுமா? நடுவில் வரும் பாறைக் குளங்களில் குளிக்கலாமா?

அக்டோபர் 11, இரவு

போகலாம். அந்த "ஒரு கிலோமீட்டர்தானே"வை மட்டும் கல்யாண மண்டபத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

சத்துவாச்சாரியில் கடைக்குப் போகிற ஒரு கிலோமீட்டர் பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஓடைக்குள் அதே தூரத்துக்குப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பாறை ஏறி, இறங்கி, கையைப் பிடித்து, மறுபடி ஏறி, "அம்மா, மீன்!" என்று நின்று, அப்புறம் நகர வேண்டும். திரும்பி வர அதைவிட நேரம் பிடிக்கும். ஈரத்துணி, பசி, தூக்கம் எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

வழி சுலபம். திருவண்ணாமலை சாலையில் கணியம்பாடி வந்து, அங்கே கேட்டுத் திரும்புங்கள். வேலூரில் இருந்து மொத்தம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். பூங்கா 1967இல் இருந்து இருக்கிறது, எங்கள் ஊரில் பள்ளிச் சுற்றுலா என்றாலே அதுதான். காலையில் வாயில் திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள்.

செருப்பு பற்றி நாளைக்கு எழுதுகிறேன், அது பெரிய கதை.

அக்டோபர் 12, காலை

தண்ணீர் இருக்குமா என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

வேலூரில் மழை பெய்ததா என்று பார்க்காதீர்கள். இந்த ஓடைக்குத் தண்ணீர் ஜவ்வாது மலையில் இருந்து வருகிறது. நகரத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும், மேலே நல்ல மழை பெய்திருக்கும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: இங்கே பாகாயத்தில் முழங்கால் தண்ணீர், அருவியில் ஒல்லியாக ஒரு தாரை.

நமக்கு இரண்டு மழைக்காலமும் உண்டு. ஆகஸ்ட், செப்டம்பரில் மாலை இடிமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஆகவே ஆகஸ்ட் கடைசியில் இருந்து ஜனவரி வரை ஏதாவது தண்ணீர் இருக்கும். மார்ச்சில் வந்து "அருவியைக் காணோம்" என்று கோபப்படுகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். வேலூர் வெயில் நாற்பதைத் தாண்டும்போது அருவி மட்டும் எப்படிக் கொட்டும்?

அக்டோபர் 12, மதியம்

குடியாத்தத்தில் இருந்து எழுதிய அண்ணன் "வேலூர் மாவட்டத்தில் ஜலகாம்பாறை, பீமன் அருவி எல்லாம் இருக்கும்போது அமிர்தி எதற்கு" என்று கேட்டிருக்கிறார். அண்ணா, ஜலகாம்பாறை 2019இல் திருப்பத்தூர் மாவட்டத்தோடு போய்விட்டது. ஜமுனாமரத்தூர் பக்கம் இருக்கும் பீமன் அருவி, 1989இல் வட ஆற்காட்டைப் பிரித்தபோதே திருவண்ணாமலைக்காரர்களிடம் போய்விட்டது. பாகப்பிரிவினையில் நமக்கு மிஞ்சியது அமிர்திதான்.

ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று நம் ஊரைக் கிண்டல் செய்வார்கள். கோயிலுக்குள் 1981இல் ஜலகண்டேசுவரர் வந்துவிட்டார். பாலாற்றில் 2021 நவம்பரில் கரை தொட்டுத் தண்ணீர் போனதை ஊரே பாலத்தில் நின்று பார்த்தது. ராஜாவுக்குத்தான் வழியில்லை. அருவி இல்லாத மாவட்டம் என்று புதிதாக ஒன்றைச் சேர்த்துவிடாதீர்கள்.

அக்டோபர் 14

செருப்பு.

ஹவாய் செருப்பு வேண்டவே வேண்டாம். ஈரமானால் கால் அதற்குள்ளேயே வழுக்கும், ஓடையைக் கடக்கும்போது ஒன்று கழன்று தண்ணீரோடு போகும். அப்புறம் மீதி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? பின்னால் வார் வைத்த சாண்டல் நல்லது. பிள்ளைகளின் பழைய பள்ளி ஷூ அதைவிட நல்லது, நனைந்தாலும் கவலை இல்லை. புது ஸ்போர்ட்ஸ் ஷூவை நம்பி ஏமாறாதீர்கள். பாசி பிடித்த பாறையில் எந்த ரப்பரும் நிற்காது.

எங்கே கால் வைக்கிறோம் என்பதுதான் முக்கியம். காய்ந்து சொரசொரப்பாக இருக்கும் பாறை நல்லது. ஈரமாக இருந்தாலும் மணலும் சரளையும் தெரியும் இடத்தில், ஆழம் கணுக்கால் அளவுதான் என்றால், தயங்காமல் தண்ணீருக்குள்ளேயே காலை வையுங்கள். கறுப்பாகவோ கரும்பச்சையாகவோ மினுமினுக்கும் சாய்வுப் பாறை பார்க்க அழகாக இருக்கும், அதில் மட்டும் வேண்டாம். நிறையப் பேர் கால் நனையக் கூடாது என்று பாறைக்குப் பாறை தாவுகிறார்கள். விழுகிறவர்களில் முக்கால்வாசி அவர்கள்தான். நனைந்துகொண்டே நடக்கிறவர் அவ்வளவாக விழுவதில்லை.

உடை பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜீன்ஸ் நனைந்தால் எடை கூடும், முட்டி மடங்காது. வேட்டி, புடவை, நீளப் பாவாடை மூன்றும் தண்ணீருக்குள் காலைச் சுற்றும். என் மாமியார் ஒருமுறை "நான் புடவையிலேயே கிணற்றில் நீந்தினவள்" என்று சொல்லிக்கொண்டு கிளம்பினார். உண்மைதான், இளம்வயதில் நீந்தியிருக்கிறார். ஆனால் கிணற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும், ஓடைத் தண்ணீர் இழுக்கும். முதல் குளத்தருகே நிழலில் ஒரு பாறையைக் காட்டி, "அத்தை, நீங்கள் இங்கே சாப்பாட்டுப் பையைப் பார்த்துக்கொள்ளுங்கள், குரங்கு வரும்" என்றேன். பொறுப்பு கொடுத்ததும் மறுபேச்சு இல்லை. நாங்கள் திரும்பி வரும்போது கையில் குச்சியோடு உட்கார்ந்திருந்தார், எதிரே ஒரு குரங்குக் கூட்டம் மரியாதையாகத் தள்ளி நின்றது.

அக்டோபர் 14, இரவு

குரங்கு பற்றிக் கேட்டவருக்கு: பிளாஸ்டிக் கவர் சரசரக்கும் சத்தம்தான் அதற்கு அழைப்பு. புளியோதரையைத் தூக்கு டப்பாவில், துணிப்பைக்குள் வையுங்கள். சிப்ஸ் பாக்கெட்டைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். நீங்களும் அதற்கு எதுவும் போடாதீர்கள்.

அக்டோபர் 20

கேள்வி கேட்ட சென்னைக் குடும்பம் போய்விட்டு வந்து எழுதியிருப்பதைப் படித்தேன். பாதி வழியில் வனக்காவலர் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டார், பத்து வயதுப் பையனுக்கு அழுகை. கீழேயே இன்னொருவர் "மழையே இல்லை, வெயில் அடிக்கிறது, சும்மா அதிகாரம் காட்டுகிறார்கள்" என்று கொதித்திருக்கிறார்.

எனக்குக் காவலர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. தண்ணீர் என்ன நிறத்தில் இருந்தது என்று அந்தக் குடும்பத்துத் தம்பியே எழுதியிருக்கிறார்: "காலையில் தெளிவு, அப்புறம் டீ கலர்." அவ்வளவு போதும்.

இரண்டு பக்கமும் பாறை எழும்பி நிற்கும் இடுக்கில் ஓடை போகிறது. வெளியே அகலப் படுகையில் வெள்ளம் வந்தால் பரவும், உயரம் மெதுவாக ஏறும். இடுக்கில் பரவ இடம் இல்லை, அதே தண்ணீர் மேலே மேலே ஏறும், வேகமும் கூடும். அதுவும் பெய்தது எங்கோ மலை மேல் என்பதால், உங்கள் தலைக்கு மேல் ஒரு சொட்டு விழாமலேயே வரும். கவனிக்க வேண்டியவை: தெளிந்த தண்ணீர் கலங்குவது, சருகும் சுள்ளியும் திடீரென்று மிதந்து வருவது, சற்று முன் உட்கார்ந்திருந்த பாறையின் விளிம்பு காணாமல் போவது, சத்தம் கனப்பது. இதில் ஒன்றைப் பார்த்தாலும் பையை எடுக்க நிற்காமல் பக்கவாட்டில் மேட்டில் ஏறுங்கள். ஓடையோடு கீழே ஓடாதீர்கள், அது உங்களைவிட வேகமாக ஓடும். எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டால் மேட்டிலேயே உட்கார்ந்திருங்கள். இம்மாதிரி வெள்ளம் பெரும்பாலும் வந்த வேகத்தில் வடியும். பசிக்கும், கொசு கடிக்கும், ஆனால் பிழைத்திருப்பீர்கள்.

பையனிடம் சொல்லுங்கள், அருவி எங்கேயும் ஓடிப்போகாது.

அக்டோபர் 21

"காலையில் போங்கள்" என்று முதல் நாள் எழுதியதோடு ஒரு விஷயத்தைச் சேர்த்துப் படியுங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் அந்த விதி கச்சிதம். வெயிலில் மலை சூடாகி, மேகம் திரண்டு, மதியத்துக்கு மேல் இடிக்கும். பன்னிரண்டு மணிக்குள் திரும்பிவிட்டால் பயமில்லை. வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் வந்துவிட்டால் கதை மாறும். விடியற்காலையும் பெய்யும், ராத்திரி முழுக்கவும் பெய்யும், காலை மாலை என்ற கணக்கு எடுபடாது. அந்த நாட்களில் பூங்காவோடு திரும்பிவிடுங்கள், மான் பார்த்துவிட்டு வந்தாலும் சுற்றுலாதான்.

நவம்பர் 9

காட்பாடியில் இருந்து ஒரு கல்லூரித் தம்பி: "அக்கா, அருவிக்குக் கீழே உள்ள குளத்தில் மேலே இருந்து குதிக்கலாமா? வீடியோவில் குதிக்கிறார்களே."

தம்பி, இந்தக் குளங்கள் எப்படி உண்டாயின என்று முதலில் கேள். வெள்ளம் கூழாங்கல்லை ஒரு சிறு பள்ளத்தில் மாட்டிவிடும். ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவதுபோல அந்தக் கல் அங்கேயே சுற்றிச் சுற்றி, காலகாலமாகப் பாறையைக் குடையும். அப்படிக் குடைந்தது மேலே குறுகலாகவும் உள்ளே அகலமாகவும் இருக்கலாம். அருவி விழும் இடத்திலும் அடிப்பக்கம் உள்வாங்கி, பாறைக்குக் கீழே பொந்து விழுந்திருக்கும். மேலே இருந்து பார்த்தால் இது எதுவும் தெரியாது, பச்சைத் தண்ணீர் மட்டும்தான் தெரியும்.

ஆழமும் ஆண்டுக்கு ஆண்டு ஒன்றாக இருப்பதில்லை. ஒரு வெள்ளம் மணலைக் கொண்டுவந்து நிரப்பும், அடுத்த வெள்ளம் வாரிக்கொண்டு போகும். போன மாதம் ஆள் ஆழம் இருந்த இடத்தில் இன்று இடுப்பளவு மணல்மேடு இருக்கலாம். வீடியோக்காரன் குதித்த நாளில் இருந்த குளம் வேறு.

வெள்ளையாக நுரைக்கும் இடத்துக்கு நீந்தத் தெரிந்தவர்களும் போகாதீர்கள். நுரையில் பாதி காற்று, அது உடம்பைத் தாங்காது. எவ்வளவு கை அடித்தாலும் மேலே வருவது கஷ்டம். மேலே இருந்து விழும் தண்ணீர் வேறு திரும்பத் திரும்ப அடியில் தள்ளும். குளத்தின் வால் பக்கம், அதாவது தண்ணீர் வெளியேறும் ஆழமில்லாத பகுதி, அங்கே மணலில் உட்கார்ந்து குளிப்பதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. காவலர் அனுமதித்த நாளில், அனுமதித்த இடத்தில்.

நவம்பர் 10

"அக்கா பயமுறுத்துகிறார்" என்று சிரிப்புப் பொம்மை போட்ட மூன்று பேருக்கும்: குளிக்காதே என்று நான் சொல்லவே இல்லை. அந்தக் குளிரில் கழுத்தளவு உட்கார்ந்தால் எழுந்துவர எனக்கே மனம் வராது. குதிக்காதே என்றுதான் சொன்னேன். நடுவில் ஒரு எழுத்தைக் கூடக் கூட்டிக் குறைத்துப் படிக்காதீர்கள்.

நவம்பர் 23

பேச்சு எங்கெங்கோ போகிறது, போகட்டும். ஆரணியில் இருந்து ஒருவர் "உங்கள் அருவித் தண்ணீர் எங்கள் ஊருக்குத்தான் வருகிறது, சோப்புப் போட்டுக் குளிக்காதீர்கள்" என்று எழுதியிருக்கிறார். முழு நியாயம். அமிர்திக் காட்டில் இருந்து இறங்குவது நாகநதி. அது கண்ணமங்கலம் பக்கம் போய், கமண்டல நதியோடு சேர்ந்து, கமண்டல நாகநதியாக ஆரணியைத் தொட்டு, செய்யாற்றில் விழுந்து, கடைசியில் பாலாறு.

இந்த நாகநதி பல ஆண்டுகள் வறண்டு கிடந்தது. என் சிறுவயதில் மணல் லாரிதான் அதில் ஓடிப் பார்த்திருக்கிறேன். 2014 வாக்கில் ஆரம்பித்து, நூறு நாள் வேலைத் திட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, ஓடைகளின் குறுக்கே கல் தடுப்புகளும் படுகையில் உறை இறக்கிய செறிவூட்டும் கிணறுகளுமாகக் கட்டினார்கள். ஓடி வீணாகிற வெள்ளத்தை நிலத்துக்குள் இறக்குகிற வேலை. 2021இல் பிரதமரின் வானொலிப் பேச்சில் இந்தப் பெண்களைப் பற்றி வந்தது. கிணறுகளில் நீர்மட்டம் ஏறியதை அந்தப் பக்கத்து விவசாயிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நாம் ஷாம்பு பாக்கெட்டை எறிந்துவிட்டு வருகிற தண்ணீரை, கீழே ஒரு அம்மா மண்சட்டி சுமந்து சேமிக்கிறார். சோப்பு, ஷாம்பு, சீயக்காய் எதுவும் வேண்டாம். சீயக்காய் இயற்கைதானே என்று அடுத்த கேள்வி வரும், தெரியும். மீனிடம் கேளுங்கள்.

டிசம்பர் 6

இரவு தங்கி நட்சத்திரம் பார்க்கலாமா என்று கேட்டவருக்கு: அருவிப் பக்கம் இரவில் தங்க முடியாது, காப்புக்காடு. நட்சத்திரம் வேண்டுமென்றால் அதே ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. வைணு பாப்பு வானாய்வகம், 1986இல் திறந்த 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. ஆனால் ஒரு வேடிக்கை: அருவிக்கு நல்ல மாதங்கள் எல்லாம் தொலைநோக்கிக்குக் கெட்ட மாதங்கள். மேகம் இருந்தால் நமக்குக் கொண்டாட்டம், அவர்களுக்கு வேலை இல்லை. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க நினைத்தால் ஜனவரி கடைசியில் முயன்று பாருங்கள், அருவி மெலிந்திருக்கும், வானம் திறந்திருக்கும்.

ஜனவரி 18

பொங்கல் விடுமுறையில் கைகல் போய் வந்த பேர்ணாம்பட்டுக்காரர் அதை மெச்சி எழுதியிருக்கிறார். நல்ல அருவிதான், அமிர்தி மெலியும் காலத்திலும் அங்கே தண்ணீர் விழும். ஆனால் அது ஆந்திரா, பலமநேர்–குப்பம் சாலை, கௌண்டின்யா சரணாலயம். யானை இருக்கிற காடு. குடியாத்தம், பேர்ணாம்பட்டு வயல்களில் யானை இறங்கிய செய்தி வரும்போதெல்லாம் அந்தக் காட்டின் ஞாபகம் வரவேண்டும். பாதையை விட்டு விலகி "ரகசியக் குளம்" தேடும் வேலை அங்கே வேண்டாம். அமிர்தியில் குரங்கைச் சமாளிக்க என் மாமியார் போதும், யானைக்கு அவரே ஒதுங்குவார்.

மார்ச் 15

தண்ணீர் நின்றுவிட்டது. அருவி விழும் பாறையில் ஒரு கறை மட்டும் இருக்கிறது. இப்போது எதற்குப் போனாய் என்று வீட்டில் கேட்டார்கள். குளத்தின் அடியைப் பார்க்கத்தான் போனேன்.

காட்பாடித் தம்பி, இது உனக்கு. நவம்பரில் நீ குதிக்கக் கேட்ட குளத்தில் இப்போது ஓரமாகக் கொஞ்சம் பச்சைத் தண்ணீர்தான் மிச்சம். கரையில் இருந்து இறங்கினால் முழங்கால் அளவு மணல். இரண்டு எட்டு வைத்தால் பாறை செங்குத்தாக இறங்குகிறது, அந்த மூலையில் மட்டும் இன்னும் தண்ணீர் நிற்கிறது, என் கைத்தடிக்கு அடி எட்டவில்லை. அருவிக்கு நேர் கீழே பாறை உள்வாங்கி ஒரு பொந்து, ஆள் படுக்கலாம். அதன் வாயில் ஒரு பெரிய மரத்துண்டு குறுக்கே சிக்கிக்கொண்டிருக்கிறது, வெள்ளம் கொண்டுவந்து செருகியது. கிளை முறிந்த கூர்முனை மேல்நோக்கி நிற்கிறது. நவம்பரில் அதன் மேல் எத்தனை பேர் நீந்தினார்களோ. சுற்றிலும் உடைந்த பாட்டில், ஒற்றைச் செருப்புகள் (எல்லாம் ஹவாய்), ஒரு மூக்குக் கண்ணாடி.

படம் கேட்பீர்கள், எடுத்திருக்கிறேன், நாளைக்குப் போடுகிறேன்.

மார்ச் 17

படம் போட்ட பிறகு "கோடையில் ஓடைப் படுகை வழியாகவே மலை மேல் ஏறிவிடலாமே, காய்ந்துதானே கிடக்கிறது" என்று ஒருவர். வேண்டாம். சருகு காய்ந்து கிடக்கிற மாதம் இது. 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் மாண்டதற்குப் பிறகுதான் அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போவதில் இவ்வளவு கெடுபிடி. மலையேற்றம்தான் வேண்டுமென்றால் 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய இணையதளத்தில் 40 பாதைகள் இருக்கின்றன, வழிகாட்டியோடு பதிவு செய்துகொண்டு, திறந்திருக்கும் மாதத்தில் போங்கள்.

மார்ச் 17, இரவு

அந்த மரத்துண்டைப் பற்றி யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்கிறீர்கள். சொன்னேன். வாயிலில் இருந்த காவலரிடம் படத்தையே காட்டினேன். தண்ணீர் வற்றியிருக்கும்போதே ஆள் வைத்து அறுத்து எடுத்துவிடலாம் என்றார். ஜூலையில் மறுபடி போய்ப் பார்த்து எழுதுகிறேன். அதற்கு முன்னால் யாராவது போனால் நீங்களே பார்த்து இங்கே போடுங்கள், வலது பக்க மூலை, பொந்தின் வாய்.